3 கி.மீ. உயரத்திலிருந்து விழுந்த 4.8 டன் கலம்: ககன்யான் வீரர்களைக் காப்பாற்றப்போகும் காற்றுத் தடை

2025 ஆகஸ்ட் 24. ஸ்ரீஹரிகோட்டா அருகே இந்திய விமானப் படையின் சினூக் ஹெலிகாப்டர் ஒன்று, வயிற்றில் கட்டித் தொங்கவிட்ட ஒரு பெரிய கூம்பைத் தூக்கிக்கொண்டு சுமார் 3 கி.மீ. உயரத்துக்குப் போனது. கூம்பின் எடை ஏறத்தாழ 4.8 டன். மேலே போனதும் கட்டை அவிழ்த்துவிட்டார்கள். கூம்பு விழுந்தது.

ககன்யான் திட்டத்துக்காக இஸ்ரோ நடத்திய முதல் 'ஒருங்கிணைந்த ஏர் டிராப் சோதனை' இது. இந்திய விண்வெளி வீரர்கள் பூமிக்குத் திரும்பும்போது உட்கார்ந்திருக்கப்போகும் கலத்தின் மாதிரிதான் அந்தக் கூம்பு. அன்று உள்ளே யாரும் இல்லை. ஒருநாள் இருப்பார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. காற்றே இல்லை என்று வைத்துக்கொண்டால், 3 கி.மீ. உயரத்திலிருந்து விழும் எந்தப் பொருளும் 25 நொடிக்குள் கடலைத் தொட்டுவிடும். தொடும்போது வேகம் மணிக்கு சுமார் 870 கி.மீ. பயணிகள் விமானம் பறக்கிற வேகம் கிட்டத்தட்ட அதுதான். அந்த வேகத்தில் மோதினால் தண்ணீருக்கும் கான்கிரீட்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

ஆனால் இப்படிப்பட்ட கலங்கள் கடலைத் தொட வேண்டிய வேகம் மணிக்கு 30 கி.மீ.க்கு அருகில். தெருவில் போகிற ஆட்டோவின் வேகம். 870-ஐ 30 ஆக்குவது எது? பிளஸ் ஒன் இயற்பியலில் எல்லாக் கணக்கிலும் 'புறக்கணிக்கத்தக்கது' என்று ஓரமாக ஒதுக்கிவைத்தோமே, அந்தக் காற்றுத் தடைதான்.

விழுகிற பொருளுக்கு உச்ச வேகம் உண்டா?

உண்டு. அதைத்தான் பாடப்புத்தகம் முற்றுத் திசைவேகம் என்கிறது. டெர்மினல் வெலாசிட்டி என்றால் பலருக்கு உடனே புரியும்.

விழத் தொடங்கும் நொடியில் பொருளின் மீது புவியீர்ப்பு மட்டும்தான் வேலை செய்கிறது. வேகம் கூடுகிறது. வேகம் கூடக் கூட, எதிரே இருக்கிற காற்றை ஒதுக்கித் தள்ள வேண்டிய வேலையும் கூடுகிறது. காற்று திருப்பித் தள்ளுகிறது. ஒரு கட்டத்தில் கீழே இழுக்கும் எடையும் மேலே தள்ளும் காற்றும் சரிசமமாகிவிடும். அதற்குமேல் வேகம் கூடாது.

இங்கேதான் மாணவர்கள் வழக்கமாகச் சறுக்குவார்கள். 'இரண்டு விசையும் சமம் என்றால் பொருள் நின்றுவிட வேண்டாமா?' நிற்காது. விசைகள் சமமானால் வேகம் மாறாது என்றுதானே நியூட்டன் சொன்னார்? வேகமே இருக்காது என்று அவர் சொல்லவில்லை. ஓடிக்கொண்டிருக்கிற பொருள் அதே வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான்.

வயிறு தரையைப் பார்த்தபடி கை காலை விரித்து விழும் ஸ்கை டைவர் ஒருவருக்கு இந்த உச்ச வேகம் மணிக்கு சுமார் 200 கி.மீ. தலைகீழாக, உடம்பை அம்பு மாதிரி நீட்டிக்கொண்டு விழுந்தால் இன்னும் கூடும். அதே ஆள், அதே எடை. காற்றுக்குக் காட்டுகிற பரப்பு மட்டும்தான் மாறியிருக்கிறது.

ஸ்கை டைவிங் வீடியோக்களில் ஒரு காட்சி பார்த்திருப்பீர்கள். பாராசூட்டை விரித்ததும் ஆள் சர்ரென்று மேலே பறப்பது போலத் தெரியும். அவர் மேலே போகவில்லை. வீடியோ எடுப்பவர் இன்னும் 200 கி.மீ. வேகத்தில் விழுந்துகொண்டிருக்கிறார். எதிரில் இருப்பவர் மட்டும் திடீரென மெதுவாகிவிட்டார். நமக்குக் கிடைப்பது கேமராவின் பார்வை.

மழைத்துளியும் ஒரு தவறான விடையும்

மழையில் நாம் உயிரோடு நனைய முடிவதும் இதனால்தான். 2 கி.மீ. உயர மேகத்திலிருந்து தடையே இல்லாமல் விழுந்தால், ஒரு துளி மணிக்கு 700 கி.மீ.க்கு மேல் வேகத்தில் தலையில் இறங்கும். நிஜத்தில் 5 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள பெரிய துளியே நொடிக்கு சுமார் 9 மீட்டர், அதாவது மணிக்கு 32 கி.மீ. வேகத்தைத்தான் எட்டுகிறது. அரை மில்லிமீட்டர் தூறல் துளி நொடிக்கு 2 மீட்டர்தான். (போகிற போக்கில்: மழைத்துளியை எல்லோரும் கண்ணீர்த் துளி வடிவில் வரைகிறோம். பெரிய துளி உண்மையில் பன் போலத்தான் இருக்கும். அடிப்பக்கம் தட்டை, மேலே உப்பல். அந்த அடிப்பக்கத்தைத் தட்டையாக்குவதும் காற்றுதான்.)

நீட், ஜேஇஇ எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். முற்றுத் திசைவேகம் என்றதும் பாடப்புத்தகத்தில் நினைவுக்கு வருவது ஸ்டோக்ஸ் விதி. ஆரத்தின் இருமடிக்கு ஏற்ப வேகம் கூடும் என்கிற சமன்பாடு. அதை எடுத்துக்கொண்டு 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள மழைத்துளிக்குக் கணக்கு போட்டுப் பாருங்கள். நொடிக்கு 120 மீட்டர் என்று வரும். மணிக்கு 430 கி.மீ.! 1949-இல் கன், கின்ஸர் என்ற இரு ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் அளந்து வெளியிட்டபடி, அந்த அளவுத் துளியின் நிஜ வேகம் நொடிக்கு சுமார் 6.5 மீட்டர்தான்.

விதி தப்பா? இல்லை, இடம் தப்பு. ஸ்டோக்ஸ் விதி ரொம்பச் சின்ன, ரொம்ப மெதுவான பொருள்களுக்கானது. காற்றின் பிசுபிசுப்பு, அதாவது பாகுநிலை, ஆதிக்கம் செலுத்தும் உலகம் அது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு ஆரமுள்ள மேகத் துளிக்கு அதைப் போட்டால் நொடிக்கு 1 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் என்று சரியான விடையே வரும். மேகம் ஏன் பொத்தென்று கீழே விழுவதில்லை என்பதற்கான பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது. லேசான மேல்நோக்கிய காற்றே அதைத் தாங்கிப் பிடிக்கப் போதும்.

மழைத்துளி, மனிதர், கார், விண்கலம் எல்லாம் வேறு உலகம். அங்கே பிசுபிசுப்பு முக்கியமில்லை. எவ்வளவு காற்றை எவ்வளவு வேகமாக ஒதுக்கித் தள்ளுகிறோம் என்பதுதான் முக்கியம். அதனால் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். வேகம் 2 மடங்கானால் தடை 4 மடங்கு. 3 மடங்கானால் 9 மடங்கு. காற்றின் அடர்த்தியும், எதிரே காட்டும் பரப்பும், பொருளின் வடிவமும் மீதியை முடிவு செய்யும்.

ஈசிஆரில் பைக் ஓட்டுகிறவர்களுக்கு இது உடம்பால் தெரிந்த விஷயம். 60-இலிருந்து 80-க்குப் போகும்போது வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. நெஞ்சில் அறைகிற காற்றோ ஏறத்தாழ 1.8 மடங்காகிறது. மைலேஜ் எங்கே போனது என்று மெக்கானிக்கைக் கேட்பதற்கு முன் ஸ்பீடாமீட்டரைப் பார்க்கலாம்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். 'காற்று தடுத்துவிடும்' என்பது எல்லா இடத்திலும் ஆறுதல் இல்லை. பத்தாவது மாடி பால்கனிச் சுவரில் வைத்த பூந்தொட்டி 30 மீட்டர் விழுந்தால் மணிக்கு கிட்டத்தட்ட 85 கி.மீ. வேகத்தில் தரைக்கு வரும். கனமான சின்னப் பொருளுக்கு உச்ச வேகம் அதைவிட மிக அதிகம். அதை எட்டுவதற்கு முன்பே தரை வந்துவிடுகிறது. காற்று அங்கே பெரிதாக எதுவும் செய்வதில்லை.

விழ விழ வேகம் குறைந்த மனிதர்

2012 அக்டோபர் 14 அன்று ஆஸ்திரியாவின் ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னர் சுமார் 39 கி.மீ. உயரத்திலிருந்து குதித்தார். (2025 ஜூலையில் இத்தாலியில் நடந்த பாராகிளைடிங் விபத்தில் அவர் இறந்தபோது அந்த வீடியோ மறுபடியும் எல்லா போன்களிலும் ஓடியது.) அவர் தொட்ட உச்ச வேகம் மணிக்கு 1,357 கி.மீ. ஒலியைவிட வேகம்.

சாதாரண ஸ்கை டைவரின் உச்சம் 200 என்றால், இவருக்கு மட்டும் எப்படி? அந்த உயரத்தில் தடுக்க காற்றே அவ்வளவாக இல்லை. முற்றுத் திசைவேகம் என்பது ஒரு பொருளுக்கு நிரந்தரமாக ஒட்டப்பட்ட எண் கிடையாது. காற்று எங்கே எவ்வளவு அடர்த்தியோ, அங்கே அதற்கேற்ற உச்சம். அதனால் ஒரு வினோதம் நடந்தது. கீழே வர வர காற்று அடர்த்தியாகி, பாராசூட்டைத் தொடுவதற்கு முன்பே அவர் வேகம் தானாகக் குறைந்துகொண்டே வந்தது. விழுந்துகொண்டே மெதுவானார்.

விண்கலத்துக்கும் இதேதான், பல மடங்கு பெரிய அளவில்.

பாராசூட்டின் வேலை 0.04 சதவீதம்தானா?

ககன்யானுக்குத் தேர்வான நால்வரில் ஒருவரான சுபான்ஷு சுக்லா, ஆக்ஸியம்-4 பயணம் முடிந்து 2025 ஜூலை 15 அன்று டிராகன் கலத்தில் கலிபோர்னியா கடலில் வந்து இறங்கினார். சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றும் வேகம் மணிக்கு சுமார் 27,600 கி.மீ. டிராகனின் முதல் இரண்டு பாராசூட்டுகள் விரிவது சுமார் 5.5 கி.மீ. உயரத்தில். அப்போது வேகம் மணிக்கு 560 கி.மீ. அளவில் இருக்கும்.

இயக்க ஆற்றலும் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. கணக்கு போட்டுப் பார்த்தால், பாராசூட் வெளியே எட்டிப் பார்ப்பதற்கு முன்பே கலத்தின் இயக்க ஆற்றலில் 99.96 சதவீதம் காலி. எல்லாம் காற்றுத் தடையின் வேலை. கலத்தின் மழுங்கிய அடிப்பக்கம் காற்றில் மோதி, முன்னால் இருக்கும் காற்றைக் கொதிக்கவைத்து, அந்த வெப்பத்தின் பெரும்பகுதியைக் காற்றோடே விட்டுவிட்டு வருகிறது. கூர்மையான ராக்கெட் மூக்கு ஏன் திரும்பி வரும் கலத்துக்கு இல்லை என்றால், இங்கே காற்றைக் கிழித்துக்கொண்டு போவது நோக்கமே இல்லை. எவ்வளவு முட்டிக்கொள்ள முடியுமோ அவ்வளவு நல்லது.

மிச்சம் 0.04 சதவீதம். அந்தத் துளி மிச்சத்துக்குள்தான் உயிர் இருக்கிறது. 1967 ஏப்ரல் 24 அன்று சோயூஸ்-1 கலத்தில் திரும்பிய சோவியத் வீரர் விளாதிமிர் கோமரோவ், வளிமண்டலத்தின் நெருப்பைத் தாண்டி வந்துவிட்டார். பிரதான பாராசூட் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. மாற்றுப் பாராசூட் முன்பே விரிந்திருந்த சின்னப் பாராசூட்டோடு சிக்கிக்கொண்டது. அவர் பிழைக்கவில்லை.

பத்து பாராசூட்டுகள் எதற்கு?

ககன்யான் கலத்தில் நான்கு வகையில் மொத்தம் 10 பாராசூட்டுகள். ஆக்ராவில் உள்ள டிஆர்டிஓ ஆய்வகத்தோடு சேர்ந்து உருவாக்கியவை. முதலில் 2.3 மீட்டர் குறுக்களவுள்ள இரண்டு, கலத்தின் உச்சியில் உள்ள மூடியைப் பிடுங்கி எடுக்கும். அடுத்து 5.8 மீட்டர் அளவில் இரண்டு ட்ரோக் பாராசூட்டுகள், கலத்தின் ஆட்டத்தை அடக்கி வேகத்தைக் குறைக்கும். அவை கழன்றதும் 3.4 மீட்டர் அளவில் மூன்று பைலட் பாராசூட்டுகள். ஒவ்வொன்றும் ஒரு பிரதான பாராசூட்டை இழுத்து வெளியே கொண்டுவரும். பிரதான பாராசூட்டின் குறுக்களவு 25 மீட்டர். விரித்துத் தரையில் போட்டால் ஒன்றுக்கு சுமார் 490 சதுர மீட்டர், அதாவது இரண்டு கிரவுண்ட் நிலத்துக்கு மேல்.

ஏன் ஒரே பெரிய பாராசூட்டை நேரடியாக விரிக்கக் கூடாது?

மேலே சொன்ன இருமடி விதியை வைத்து நாமே பார்க்கலாம். மூன்று பெரிய பாராசூட்டுகளில் தொங்கும் 4.8 டன் கலத்துக்கு முற்றுத் திசைவேகம், தோராயக் கணக்கில், நொடிக்கு 8 மீட்டர் சொச்சம். ட்ரோக் மட்டும் இருக்கும்போது நொடிக்கு 50 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மடங்கு. அந்த வேகத்தில் மூன்றும் சட்டென முழுசாக விரிந்தால், மேல்நோக்கிய விசை கலத்தின் எடையைப் போல 36 மடங்கு! கயிறு அறுந்துபோகும், அல்லது துணி கிழியும். இரண்டும் தாங்கினால் உள்ளே இருப்பவர்களின் முதுகெலும்பு தாங்காது.

அதனால் பிரதான பாராசூட்டின் வாயை ஒரு கயிறு சுற்றிக் கட்டிவைக்கிறார்கள். சுருக்குப் பை மாதிரி. வெளியே வந்ததும் அது கொஞ்சமாக மட்டும் விரியும். கலம் சற்று மெதுவாகும். குறித்த சில நொடிகள் கழித்து ஒரு சின்ன வெடிக் கருவி அந்தக் கயிற்றை அறுக்கும். அப்புறம்தான் முழுசாக மலரும்.

இதில் ஒரு சங்கடம். மூன்று சுருக்குகளும் ஒரே நொடியில் அறுபடும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஒன்று முந்திக்கொண்டால், மற்றவை சேர்ந்து தாங்க வேண்டிய சுமையெல்லாம் அந்த ஒன்றின் தலையில் விழும். 2025 நவம்பர் 3 அன்று உத்தரப் பிரதேசத்தின் ஜான்சி அருகே பாபினாவில் நடந்த சோதனை இதற்காகத்தான். இரண்டு பிரதான பாராசூட்டுகளில் ஒன்று வேண்டுமென்றே தாமதமாக முழு விரிவுக்கு வரும்படி செய்து, கலத்துக்குச் சமமான எடையை ஐஎல்-76 விமானத்திலிருந்து போட்டார்கள். டிசம்பர் 18, 19 தேதிகளில் சண்டிகரில், தண்டவாளத்தில் ராக்கெட் வேகத்தில் ஓடும் வண்டியில் வைத்து ட்ரோக் பாராசூட்டுகளைச் சோதித்தார்கள். செய்திகளில் ஒரு பத்தியாக வந்து போன இந்தச் சோதனைகள், என் பார்வையில், ராக்கெட் ஏவுதலைவிடக் குறைந்தவை அல்ல. ஏவும்போது பிழை நேர்ந்தால் வீரர்களை இழுத்துக்கொண்டு தப்பிக்க ஒரு அமைப்பு இருக்கிறது. அந்த அமைப்பே கடைசியில் அவர்களைப் பாராசூட்டின் கையில்தான் ஒப்படைக்கும்.

மூன்றில் ஒன்று போனால்?

இரண்டே போதும் என்றுதான் வடிவமைத்திருக்கிறார்கள். அது எப்படிப் போதும் என்பதற்கும் அதே இருமடி விதிதான் பதில். பரப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலும், வேகம் சற்றே கூடினால் போதும், தடை மறுபடி எடையோடு சமமாகிவிடும். நொடிக்கு 8 மீட்டர் என்பது 10 ஆகும். அதாவது மூன்றேகால் மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற அடி, 5 மீட்டரிலிருந்து விழுகிற அடியாக மாறும். வலிக்கும், ஆனால் அதற்கேற்ற இருக்கை இருந்தால் தாங்கலாம். இரண்டு போய் ஒன்றே மிஞ்சினால் 14 மீட்டர். மூன்றாவது மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். அது வேறு கதை.

இது காகிதக் கணக்கு மட்டுமல்ல. 1971 ஆகஸ்ட் 2 அன்று அப்போலோ-15 வீரர் டேவிட் ஸ்காட் நிலாவில் நின்றுகொண்டு ஒரு கையில் சுத்தியல், ஒரு கையில் பருந்தின் இறகு என்று பிடித்து ஒரே நேரத்தில் கீழே விட்டார். காற்றில்லாத நிலாவில் இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொட்டன. உலகமே டிவியில் பார்த்தது. ஐந்து நாள் கழித்து, ஆகஸ்ட் 7 அன்று, அதே ஸ்காட்டும் இரண்டு சகாக்களும் பசிபிக் கடலுக்கு மேல் இறங்கிக்கொண்டிருந்தபோது மூன்று பாராசூட்டுகளில் ஒன்று சுருண்டுபோனது. கலத்திலிருந்து வெளியேற்றிய எரிபொருள் கயிறுகளைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்று பின்னர் கருதப்பட்டது. அந்தப் பாராசூட்டுகளும் ஏறத்தாழ 25 மீட்டர்தான். நொடிக்கு 8.5 மீட்டர் வேகத்தில் தொட வேண்டிய கலம் 9.8 மீட்டரில் தொட்டது. மூவரும் நலமாக வெளியே வந்தார்கள்.

காற்றில்லாத இடத்தில் இந்த வசதி எதுவும் கிடையாது. 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலாவில் இறங்கிய சந்திரயான்-3 லேண்டரில் பாராசூட்டே இல்லை. வேகம் முழுவதையும் எஞ்சினை எரித்துத்தான் குறைக்க வேண்டியிருந்தது. செவ்வாயில் காற்று உண்டு, ஆனால் மெல்லியது. பாராசூட் பாதி வேலையைச் செய்துவிட்டுக் கையை விரித்துவிடும். பூமிக்குத் திரும்புகிறவர்களுக்குத்தான் காற்று முழுசாகக் கைகொடுக்கிறது.

ககன்யானில் முதலில் ஆளில்லாக் கலம் போய்த் திரும்ப வேண்டும். அதன் பிறகே சுக்லா, சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன், பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், அங்கத் பிரதாப் ஆகியோரில் யாராவது ஏறுவார்கள். அந்தத் திரும்புதலை நேரலையில் பார்க்கும்போது கடைசிச் சில நிமிடங்களைத் தவறவிட வேண்டாம். மூன்று பெரிய பாராசூட்டுகளும் முதலில் ஒல்லியாக, வாய் கட்டிய பை போலத் தொங்கும். 'ஐயோ, விரியலையே' என்று கமெண்டில் யாராவது எழுதுவார்கள். அது பழுது இல்லை, சுருக்குக் கயிறு இன்னும் அறுபடவில்லை. அடுத்த சில நொடிகளில் மூன்றில் எத்தனை மலர்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.